சக்கரத்துக்கு வைத்த கல்

வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்ல டிராக்டர் பட்டறைக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. உத்திரமேரூரில் இருபது வருடமாகக் கருப்பு நகத்தோடு சோறு தின்கிறேன். உங்களில் ஸ்பானர் பிடித்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஒழுகல்

ஒரு பழைய டிராக்டரில் பின்சக்கர ஷாஃப்ட்டின் ஆயில் சீல் தேய்ந்து கியர் ஆயில் கசிந்தது. தரையில் சொட்டினால் தொலையட்டும் என்று விடலாம். இது பிரேக் டிரம்முக்குள் இறங்கி, பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கியது. ஓனர் சம்பந்தத்திடம் மூன்று மாதம் சொன்னேன்.

"எனக்கே மூக்கு ஒழுவிக்கினு கீது, அதுக்கு ஒழுவக்கூடாதா?"

சீட்டுக்கடியில்

ஒருவழியாக வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் ஏசுபாதம், தினக்கூலி டிரைவர். இறங்கியதும் முதல் வேலையாக, சீட்டுக்கடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். எந்த ஊரில் நிறுத்தினாலும் இப்படித்தானாம். எதற்கு இந்தக் கனம் என்று சிரித்தேன்.

"பிரேக்க நம்பி ஏரிக்கரைல நிறுத்த முடியுமாண்ணா? வூட்டுல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

லைனர்

சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்ட்டை உருவிப் புது சீல் அடித்தேன். டிரம்மைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் லைனர் ஆயிலில் ஊறிப் போயிருந்தது. மாற்ற வேண்டும், வாலாஜாபாத் போய் வாங்கிவர ஒரு நாள் ஆகும் என்றேன். சம்பந்தத்துக்கு மறுநாளே எரு அடிக்க வேண்டுமாம். பெட்ரோலில் துடைத்து அதையே மாட்டினேன். கொஞ்ச நாளில் மறுபடி வழுக்கும் என்று, பக்கத்தில் அவசரப்படுத்திக்கொண்டு நின்ற சம்பந்தத்திடம் சொல்லிவிட்டேன். ஏசுபாதம் டீ குடிக்கப் போயிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

"சீல் போட்டாச்சில்ல? பேஜார் பண்ணாம வண்டிய எறக்குப்பா."

ஆஸ்பத்திரி

பத்தாம் நாள் ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் லாக்கைப் போட்டுவிட்டு, வழியில் கிடந்த முள்ளை இழுத்துப்போட முன்னால் போயிருக்கிறார் ஏசுபாதம். வண்டி உருண்டு வந்து காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திட்டுவார் என்று பயந்துகொண்டே பார்க்கப் போனேன். திட்டவே இல்லை. பக்கத்தில் உட்கார இடம் காட்டினார். தாங்க முடியாமல், கல்லை வைக்கவில்லையா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீதான் சரி பண்ட்டியேண்ணா, அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

இப்போதெல்லாம் சீல் மாற்றி அனுப்புகிற ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கடியில் நானே ஒரு கல்லை வைத்துத்தான் அனுப்புகிறேன், என்னை நம்பாதே என்று வாயால் சொல்ல எந்த மெக்கானிக்குக்குத்தான் மனசு வரும்?