ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை

பிள்ளைகளே, அப்பா பெங்களூரில் என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். நான் பாலிடெக்னிக் வரை படித்தவன். உங்கள் படிப்புக்கு முன்னால் வாயைத் திறக்கக் கொஞ்சம் கூச்சம். ஆனால் அந்த வேலைக்குள் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஆரணிப் பக்கம் அரசுப் பள்ளியில் அம்மாவுக்கு வேலை. அதை விட்டுவிட்டு வர முடியாது. நீங்கள் அவளோடு இருந்தீர்கள். நான் ஜீவனஹள்ளியில் இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் பொம்மசந்திராவுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே நாங்கள் செய்தது, அலுவலகங்களில் ஆள் இல்லாத நேரத்தில் தானாகத் தொலைபேசியை எடுக்கும் ஓர் இயந்திரம். எடுத்ததும் ‘பீப்’ என்று ஒலிக்கும். கூப்பிட்டவர் பேசுவதைப் பதிந்து வைக்கும்.

என்னோடு வேலை பார்த்தவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதி கன்னடம் கலந்து பேசுவார், யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பக்கத்து அறையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார். “இது சாலாது குரு, பத்தாது. வெளியூர் லைன்ல நெஜமா யாராச்சும் பேசணும். உன் வூட்ல இருந்து கூப்பிடச் சொல்லேன்.”

அடுத்த முறை வேலூர் பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் எண்ணைக் கொடுத்தேன். எஸ்டிடி பூத்தில் கட்டணம் குறைகிற இரவு எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிடுவீர்கள். அதற்குள் கம்பெனி பஸ் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக உங்கள் குரலைக் கேட்பேன்.

மகளே, உன் முதல் பேச்சு இப்படி வந்தது: “அப்பா, இன்னிக்கி டீச்... என்னை முன்னாடி வந்து நிக்க... ஏன் தெரி...” அப்புறம் தம்பியிடம் கொடுத்தாய். அவன் மூச்சு மட்டும் விட்டான்.

டீச்சர் உன்னை ஏன் நிற்கவைத்தார்? அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கிடைக்கவில்லை. பதிவாகவே இல்லாததை எங்கே தேடுவது? ஊருக்கு வந்து உன்னிடமே கேட்டபோது மறந்துவிட்டது என்றாய்.

காரணம் சாதாரணமானது. குரல் எண்களாக மாறி, வரும் வழியில் ஒரு சின்ன இடத்தில் வந்து தங்கும். இயந்திரத்தின் அடிப்படை புரோகிராம், கெர்னல் என்று சொல்வோம், அந்த எண்களை அங்கிருந்து எடுத்து வேறோர் இடத்தில் நகல் வைக்க வேண்டும். நகல் எடுத்து முடியும்வரை வேறு எந்த வேலை கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. அது மெதுவாக எடுத்தால், பின்னால் வரும் குரலுக்குத் தங்க இடமில்லை, விழுந்துவிடும். எங்கள் கெர்னல் ஒவ்வொரு எண்ணாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரை டம்ளரால் மொண்டு குடத்தை நிரப்புவது போல.

நான்கு நான்காக எடுக்கும்படி அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். நான்கு மடங்கு வேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்த ஞாயிறு ஊருக்கு வந்திருந்தபோது உன்னிடம் சொன்னேன்: “மிஷின் நீ பேசறதைக் கொஞ்சம் கொஞ்சம் முழுங்குதும்மா.” நீ “ம்” என்றாய். நேரில் பார்த்தால் உனக்கு “ம்” தான். மிஷினிடம்தான் எல்லாக் கதையும்.

மறுநாள் இரவு எட்டு மணிக்கு நீ பேசியதை அல்சூர்க்காரரும் நானும் அதற்கடுத்த காலையில் கேட்டோம். “அப்பா அப்பா, நான் நான், சைக்கிள் சைக்கிள், ஓட்ட ஓட்ட, கத்துக்கிட்டேன் கத்துக்கிட்டேன்.”

“இது மெசேஜா பஜனையா குரு?” என்று அவர் சிரித்தார்.

அம்மா பிறகு விளக்கம் சொன்னாள். ஒன்றை விழுங்கினாலும் இன்னொன்று அப்பாவுக்கு மிஞ்சுமாம். நீயாகவே யோசித்ததாம். அன்றிலிருந்து அப்படித்தான் பேசினாய். சில இடங்களில் இரண்டுமே விழுந்தன. பெரும்பாலும் ஒன்று மிஞ்சியது.

நான்கு நான்காக எடுத்தும் ஏன் வேகம் வரவில்லை என்பதை ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். குரல் வந்து தங்கும் இடம் நான்கின் கணக்கில் தொடங்கவில்லை. ஓர் எண் தள்ளி இருந்தது. அதனால் ஒவ்வொரு நான்கையும் இரண்டு நடையில் எடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தை நான்கின் கணக்குக்கு நகர்த்தி வைத்தோம். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்களுக்கு அன்று கால் தரையில் படவில்லை.

அடுத்த நாள் உன் குரல் துளி சேதமில்லாமல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை, முழுதாக. அவசரப்பட்டு அம்மாவுக்குக் கடிதம் போட்டேன்: மிஷின் சரியாகிவிட்டது, இனி ஒருமுறை சொன்னால் போதும் என்று பாப்பாவிடம் சொல். நீயும் அப்படியே கேட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு வந்த பேச்செல்லாம் சட்டென்று முடிந்துபோனது. முன்பு நான் பையை வைத்து, காபி வாங்கிவந்து உட்காரும்வரை பேசிக்கொண்டிருப்பாய். இப்போது பையை இறக்குவதற்குள் தீர்ந்துவிடும். எழுதியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். ஆனால் வேலை அதுதானே.

இயந்திரம் நன்றாக ஓடினால் அது எங்களைவிட்டுப் போகும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் யோசிக்கவில்லை. அது சென்னையில் வாங்கியவர்களிடம் போகும் நாளன்று, சோதனைக்குப் பதிந்தவற்றை எல்லாம் அழித்துவிட்டுத் தரச் சொன்னார் மேலாளர். அல்சூர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் அழிக்கிறேன் என்றார். வேண்டாம் என்று நானே அழித்தேன். மாலையில் வேன் கிளம்பியது. மறுநாளே அடுத்த இயந்திரத்தைத் தொடங்க வேண்டும், இப்போதைக்கு யாருக்கும் லீவு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

இனிக் கூப்பிட வேண்டாம் என்று நான் போட்ட கார்டு அதற்குள் ஊருக்கு வந்திருக்காது. எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிடுவீர்கள், எடுக்க ஒன்றும் இருக்காது. கம்பெனி பஸ்ஸைப் போகவிட்டேன். வெறுமனே தொங்கிய ஒயரில் ஒரு சாதாரண போனை மாட்டி, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

மணி அடித்தது. எடுத்தேன். மறுமுனையில் பேச்சில்லை. நீ காத்திருக்கிறாய் என்று புரிந்தது. என் குரலைக் கேட்டால் “ம்” என்பாய், அதற்கு மேல் ஒன்றும் வராது. நான் வாயாலேயே ‘பீப்’ என்றேன்.

“அப்பா, மிஷின் சரியாயிடுச்சுன்னு எழுதியிருந்தியே. அப்ப வேலை முடிஞ்சிடுச்சா? இங்க வந்துடுவியா? அம்மா கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன். தம்பி, பேசுடா.”

தம்பி மூச்சு விட்டான். நான் என் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். பிறகு நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

கம்பெனி அறையைப் பூட்டிவிட்டு ஓசூர் சாலைக்கு வந்தேன். ஜீவனஹள்ளிக்குப் போக வேண்டியவன் நிற்கும் பக்கம் வேறு. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வேலூர் பஸ் ஒன்று வந்து, எனக்காக வேகத்தைக் குறைத்தது. வேண்டாம் என்று கையை அசைத்தேன். அதன் பின்விளக்கு மறையும்வரை நின்றுவிட்டு, திரும்பவும் சாலையைக் கடந்தேன்.