இரண்டு பிளாக்குக்கும் ஒரே வயர்

சென்னீர்குப்பத்தில் எங்கள் குடியிருப்பு இரண்டு பிளாக். ஏ பிளாக் வாசலில் இரண்டு பூந்தொட்டி வைத்தால், மறுநாள் பி பிளாக் வாசலில் நான்கு நிற்கும். பொங்கல் விழாவுக்கும் அப்படித்தான், ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயர் மட்டும் என்னுடையது. அம்பத்தூரில் பவர் சப்ளை சோதிக்கிற வேலை பார்ப்பதால் சவுண்டு பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் நான் ஷிப்டு முடிந்து வருவதற்குள் வயரை அவர்களே மாட்டிவிட்டார்கள். மாட்டுகிற பெட்டிகளின் மின்தடை நாலு ஓமுக்குக் குறையக்கூடாது என்று ஆம்ப்ளிஃபயரின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. பெட்டி ஒவ்வொன்றும் நாலு ஓம். ஏ பிளாக் செயலாளர் கோயம்புத்தூர்த் தம்பி, ஐ.டி.யில் இருக்கிறார். "நாலும் நாலும் எட்டுங்க, தாராளமாத் தாங்குமுங்க" என்று கணக்குப் போட்டாராம். ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால்தான் அந்தக் கூட்டல் சரி. இவர்கள் இரண்டையும் ஒரே முனையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அப்போது எட்டு ஆகாது, இரண்டாகிவிடும். ஓம் குறையக் குறைய கரண்ட் இழுப்பு அதிகம். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவுதான் தாங்கும்? சிவப்பு விளக்கைப் போட்டு வாயை மூடிக்கொண்டது.

அதுவும் எப்போது? என் கணவர் பாட்டின் இரண்டாவது வரியில்!

பாத்திரம் கழுவும்போது பிரமாதமாகப் பாடுகிற மனுஷன், அன்றுதான் முதல்முறையாக மேடை ஏறியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, "இனிமே என்னை மேடைக்குக் கூப்பிடாதே" என்றார். அதோடு விட்டாரா? பாத்திரம் கழுவும்போதும் பாடுவதை நிறுத்திவிட்டார். வீடே உம்மென்று ஆகிவிட்டது. எனக்கு அது தாங்கவே இல்லை. கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் ஒரே ஒரு பாட்டுக்குச் சம்மதிக்க வைத்தேன். இதுவும் சொதப்பினால் அந்தக் குரலை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் வயர்மீது யாரையும் கை வைக்க விடவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஏ பிளாக் பெட்டி, அங்கிருந்து பி பிளாக் பெட்டி, திரும்ப ஆம்ப்ளிஃபயர். சுளையாக எட்டு ஓம். தாளத்தின் கனத்த அடியை மட்டும் எழுப்புகிற சப்வூஃபர் பெட்டியும் நாலு ஓம்தான். ஆனால் இன்னொரு சேனலில் தனியாக இருந்ததால் அதற்குப் பிரச்சினை இல்லை.

பி பிளாக் தலைவர் பாடி பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இன்னாம்மா, போன வாட்டியவிட சவுண்டு கம்மியா கீது?" என்றார்.

"போன வாட்டி சவுண்டே இல்லியே, ஐயா!"

செயலாளர் தம்பி காதருகே வந்து, "ஏனுங்க்கா, அவங்க பொட்டிக்குத்தான் அதிகமாப் போகுதுங்களா?" என்றார்.

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான், தம்பி. ஒண்ணைப் பிடுங்கினா ரெண்டும் அவுட்டு. கை வைக்காதீங்க."

தலையாட்டினார். நம்பவில்லை என்று மூஞ்சியிலேயே தெரிந்தது.

கரோக்கே இசையோடு பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது வரி தாண்டியதும்தான் எனக்கு மூச்சே வந்தது. சரணத்தின் முதல் வார்த்தையில் குரலைக் காணோம். சப்வூஃபர் மட்டும் தொம், தொம் என்று இடித்துக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்குதான் எரிந்தது. திரும்பிப் பார்த்தால், பி பிளாக் பெட்டிக்குப் பின்னால் நம்ம தம்பி, பிடுங்கிய வயரோடு! தன் பிளாக் பெட்டியும் சேர்ந்து ஊமையானதில் திருதிருவென்று விழிக்கிறார்.

"அடப்பாவி, மாட்டுங்க அதை!" என்று கத்தினேன். அவசரத்தில் அவருக்கு ஓட்டை அகப்படவில்லை.

மேடையிலிருந்து கணவர் என்னைப் பார்த்தார். போன வருஷம் பார்த்த அதே பார்வை. மைக்கைக் கீழே இறக்கினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அவர் பாடினார். வெறும் தொண்டையில், அந்தத் தொம் தொம்முக்குத் தாளம் தப்பாமல். பின்வரிசையில் சலசலப்பு. "சும்மா இருங்கப்பா, பாடிகினு கீறாரு இல்ல!" என்று பி பிளாக் ஐயா அதட்டினார். கூட்டம் அடங்கிவிட்டது. தம்பி ஒருவழியாக வயரை மாட்டியபிறகும் அவர் மைக்கைத் தூக்கவில்லை. கடைசி வரிவரை அப்படியே பாடி முடித்தார்.

வியர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்.

"நடுவுல போச்சுல்ல?"

"போச்சு."

"நான் நிறுத்தலையே!"

"நிறுத்தலைங்க" என்றேன். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.