மூன்று கணினிகளை ஒரே பெட்டிக்குள் அடைத்தவர்

சாரம் பகுதியில் எங்கள் வீட்டில், அண்ணன் தம்பி மூவரின் கணினிகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தவர் அந்தக் கணினி மெக்கானிக். அவரவர் அறையில் அவரவர் திரை. பெட்டிக்குள் மூன்றும் தனித்தனியாக ஓடும். ஒட்டடைக்குச்சி உடம்பு. பெட்டியைத் தொடுமுன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

மூன்றாம் நாள் பெரியண்ணன் தன் வேலை முடிந்ததும், பழக்கதோஷத்தில் பெட்டியின் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டார். எனக்கும் சின்னண்ணனுக்கும் பாதி வேலை போயிற்று. வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது.

போன் செய்ததும் வந்தவர், ஸ்விட்சின்மேல் டேப் ஒட்டினார்.

“பெட்டியதான் சார் ஒண்ணா சேக்க முடியும்.”

“உங்க வீட்டுல எப்படி?” என்றேன்.

“நாங்களும் அண்ணன் தம்பி மூணு பேரு சார். ஆளுக்கொரு பெட்டி வச்சிருக்கோம்,” என்றார், வாட்சைக் கட்டிக்கொண்டே.

இதை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று அவரைத் திட்டுவதில் மட்டும் நாங்கள் மூவரும் இன்றுவரை ஒன்று.