ஐந்து நிமிடத்துக்குக் கம்பெனி ரூட்டர்

இன்று காலை இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஜோசப் வந்தார். வாசலில் அறுந்திருந்த ஒயரைச் சேர்த்ததும் நெட் வந்துவிட்டது. அவர் மட்டும் கிளம்பவில்லை.

"கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆகல சார். ஆபீஸ்லேர்ந்து உங்க ரூட்டர் உள்ள போக முடியலையாம்."

முடியாதுதான். கம்பெனி தந்ததைப் பரணில் போட்டுவிட்டு, என் சொந்த ரூட்டரில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றி மாட்டியிருக்கிறேன். அதற்குள் என்னைத் தவிர யாரும் நுழைய முடியாது.

"அப்போ உங்க பாக்ஸ் இருந்தவரைக்கும் உள்ள வந்துட்டுதான் இருந்தாங்களா?"

"எல்லார் வீட்லயும் அப்படித்தான் சார். எங்க வீட்லயும் அதே பாக்ஸ்தான்."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அந்த பாக்ஸை அஞ்சு நிமிஷம் மாட்டுங்க சார். க்ளோஸ் ஆகலன்னா என்னைத்தான் கேப்பாங்க."

பரணில் ஏறி எடுத்து மாட்டினேன். ஆபீஸ் உள்ளே வந்து பார்த்து, என் வீட்டில் நெட் வருகிறது என்று ஒப்புக்கொண்டது.

வண்டியில் ஏறும்போது ஜோசப் குரலைத் தாழ்த்தினார். "சார், விவேக் நகர்ல என் வீட்டுக்கும் உங்க ரூட்டர் மாதிரி ஒண்ணு போட்டுத் தருவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் வீட்டு லைன் போனால் அந்தக் கம்ப்ளெயின்ட்டை க்ளோஸ் பண்ண யார் போவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.