பல்லேகம இறக்கத்தில் ஒரு கிளைட்

இறக்கம் தொடங்கும் இடத்தில் அழகுமுத்து உள்ளங்கையைத் தொடையில் ஒருமுறை துடைப்பார். இடதுகால் செருப்பைக் கழற்றிவிடுவார். பிறகு இரண்டே விரலால் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு, "கிளைட்" என்பார். எஞ்சினின் உறுமல் அடங்கி, பஸ் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பத்தொன்பது வருஷமாக மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்கு பஸ் ஓட்டும் அவருக்கு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எல்லாவற்றுக்கும் போதும். வயலுக்கு மேல் சிறகசைக்காமல் மிதக்கும் பருந்து கிளைட். குளத்தில் தலை மட்டும் தெரியப் போகும் தண்ணீர்ப்பாம்பு கிளைட். மகள் டிலானி அழுதபடியே தூங்கிப்போனால் அதுவும் கிளைட்.

"அண்ணே, ஒங்க கிளைட்டுல ஒரு நாளைக்கு நேரா மேல போயிருவோம்" என்பான் கண்டக்டர் விஜேந்திரன்.

"நீ டிக்கட்ட கிழிடா. டீசல் மிச்சமானா மொதலாளி ஒன்னையா திட்டப்போறாரு?"

அன்று சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. சத்தமில்லாமல் வளைவு திரும்பிய பஸ்ஸுக்கு முன்னால், நடு ரோட்டில், வால் அறுந்த ஒற்றை யானை முதுகைக் காட்டி நின்றது. அழகுமுத்து பிரேக்கை மிதித்தார். சரிவில் பஸ் நின்றால் டயருக்குக் கட்டை வைப்பது கண்டக்டர் வேலை. பின்கதவில் நின்ற விஜேந்திரனுக்கு யானை தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கட்டையோடு குதித்துவிட்டான்.

யானை திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகுகூட நொறுங்காமல், பஸ்ஸை ஒட்டி வழுக்கி வந்தது. அழகுமுத்து ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அது காதைக்கூட அசைக்கவில்லை. விஜேந்திரனை இடுப்போடு வளைத்துத் தூக்கி பஸ்ஸின் தகரத்தில் அடித்தது. இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்து இரத்தம் உள்ளே தெறித்தது. பிறகு கீழே போட்டு நெஞ்சில் கால் வைத்தது. எலும்பு நொறுங்கியது ஹோர்னையும் மீறிக் கேட்டது.

சாவு வீட்டில் அவனுடைய அக்கா பாப்பம்மா அழகுமுத்துவின் சட்டையைப் பிடித்து, விளக்குமாற்றால் முகத்தில் அடித்தாள்.

"எஞ்சின் சத்தம் கேட்டிருந்தா அது காட்டுக்குள்ள எறங்கியிருக்கும். ஒன் கிளைட்டுதான்யா எந் தம்பிய கொன்னுச்சு."

உதடு கிழிந்தது. அவர் கையைத் தூக்கவில்லை.

"அடிங்கம்மா" என்றார். "நாந்தான் கொன்னேன்."

அதற்குப் பிறகு அந்த இறக்கத்தை இரண்டாம் கியரில், எஞ்சின் அலற அலறத்தான் இறங்கினார். வளைவுக்கு வளைவு ஹோர்ன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, லக்கல பக்கத்தில், காடு வெட்டிப் பயிர் செய்த சேனை நிலமொன்றில் அந்த வால் அறுந்த யானை செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் இரண்டு காதுகளுக்குள்ளிருந்தும் துவக்கால் சுட்ட ஈயச் சன்னங்களை எடுத்தார். எல்லாம் பழைய காயங்கள். நாலைந்து வருஷமாகவே அதற்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது என்று எழுதினார்.