எழுப்பும் மந்திரத்துக்கு ஒரு நிபந்தனை

பேசாலையில் படகு எஞ்சின் அடம்பிடித்தால் றெனால்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, ஒருவழியாக ஊர் திரும்பி எஞ்சின் திருத்தக் கொட்டில் போட்டவர். மடுத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவன் அவரிடம் ஒரு விளையாட்டுப் பெட்டியை விட்டுப்போனான். அதற்குள் தடித்த புத்தகமும் இருபது முகம் கொண்ட பகடைக் கட்டையும் இருந்தன. ஆளுக்கொரு வேடம் எடுத்து, மேசையைச் சுற்றி இருந்து, வாயாலேயே கதை நடத்தும் விளையாட்டு அது. நடத்துபவர் பூதமாகவும் பேசவேண்டும், அரசனாகவும் பேசவேண்டும். றெனால்ட்டுக்கு அது கைவந்த கலையாகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டிலில் அவரோடு சேர்த்து மூன்று பேர் கூடுவார்கள். திருக்கேதீஸ்வரம் பக்கமிருந்து ஓட்டோவில் வரும் யோகராசா வாள்வீரன். தெருநாய் குரைத்தால் ஓட்டோவைத் திருப்புகிற மனிதர், மேசையில் மட்டும் யாருக்கும் அஞ்சமாட்டார். தையல்காரி நிறஞ்சலா மந்திரக்காரி. அவளுடைய அண்ணன் பஸ்ரியன் முன்பு றெனால்ட்டோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவன். சண்டையின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனான். அதற்குப் பிறகு அவள் சிரித்ததென்றால் இந்த மேசையில்தான்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமையிலதான் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுறாள். இத மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ,” என்று நிறஞ்சலாவின் தாய் எடித் ஒருநாள் கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். றெனால்ட் தலையாட்டினார்.

சிக்கல் ஒரு மந்திரத்தால் வந்தது. இறந்தவரை எழுப்பும் மந்திரத்தை அவர் நிறஞ்சலாவுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். அதோடு விளையாட்டு உப்புச்சப்பில்லாமல் போயிற்று. “செத்தா என்ன, பிள்ளை எழுப்பிவிடும்,” என்று யோகராசா கண்ட பூதத்தின் வாய்க்குள்ளெல்லாம் பாய்ந்தார். ஒருமுறை எழுப்ப ஒரு முத்து வேண்டும் என்று றெனால்ட் விதி வைத்தார். மனிதர் கதைக்குள் முத்துக்குப் பேர்போன கொண்டச்சிக் கடலையே கலக்கி மடி நிறைய முத்தோடு வந்து நின்றார்.

மந்திரத்தைப் பறிக்காமல் அடக்கவேண்டும். யோசித்து யோசித்து, கார்த்திகை மாத இறந்தோர் பூசையிலிருந்து றெனால்ட் ஒரு வழி எடுத்தார். அங்கே இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அதுபோல, மந்திரக்காரி எழுப்பவேண்டியவரின் பெயரைச் சொல்லி, ‘இறந்துவிட்டார்’ என்று வாய்திறந்து சொல்லவேண்டும். கட்டையில் ஒன்று விழுந்தால் பிறகு எழுப்பவே முடியாது. நல்ல நிபந்தனை என்று அவருக்கே பெருமையாக இருந்தது. எடித் வீட்டிலிருந்து அந்தப் பூசைக்கு ஒரு வருடமும் பஸ்ரியனின் பெயர் போனதில்லை என்பது மட்டும் அந்த மண்டைக்குள் வரவில்லை.

மந்திரக்காரிக்கும் கதையில் ஓர் அண்ணன் இருந்தான், தூரக் கடலில் கப்பலோட்டுபவன். அவனை நிறஞ்சலாவே உண்டாக்கினாள். பெயர் வைக்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. புது விதி வந்த ஞாயிறு புயலுக்குக் கட்டை உருட்டினார்கள். அண்ணனின் கப்பல் கடலுக்கடியில் தாண்டுபோனது.

“பயப்பிடாத பிள்ளை,” என்றார் யோகராசா. “இறந்திட்டார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, ஆள் எழும்பி வந்திடும். விளையாட்டுத்தானே.”

நிறஞ்சலா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“அண்ணனைப் பதிஞ்ச அரசாங்கக் கந்தோரிலயும் இதத்தான் கேக்கினம்,” என்றாள் மெல்ல. “செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ, மிச்சம் எல்லாம் செய்து தாறம் எண்டு.”

றெனால்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய மடையன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். “அந்த விதி வேண்டாம் தங்கச்சி. இப்பவே எடுத்துவிடுறன்.”

“எடுக்காதேங்கோ அண்ணை. எனக்காக எண்டு ஒண்டும் மாத்தாதேங்கோ. அவர் எங்கையோ கரை ஒதுங்கியிருப்பார். நான் தேடுறன். கட்டையில இருபது விழுந்தா இருக்கிறார், இல்லாட்டி இல்லை.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தீவு. றெனால்ட் புதிது புதிதாகத் தீவுகளை உண்டாக்கினார். அவள் கட்டையை உருட்டுவாள். ஆள் இல்லை என்று அவர் சொல்லுவார். கடல் முழுக்க அவருடையது, நினைத்தால் எந்தத் தீவிலும் ஓர் ஆளை நிறுத்தலாம். ஆனால் அவள் கேட்டது அதையல்ல. யோகராசா பூதங்களை மறந்துவிட்டுத் துடுப்புப் போட்டார்.

மாரிமழை பிடித்த ஒரு ஞாயிறு, இருபது விழுந்தது.

மூவரும் கட்டையையே பார்த்தார்கள். “ஓம் தங்கச்சி,” என்றார் றெனால்ட். “கரையில ஒராள் நிக்கிறார்.”

நிறஞ்சலா கதிரை நுனிக்கு வந்தாள். “என்ன சொல்லுறார்?”

எத்தனை பூதத்துக்கு, எத்தனை அரசனுக்குக் குரல் கொடுத்த வாய் அது. பஸ்ரியன் படகில் கத்திக் கூப்பிடுவது இன்னும் அவர் காதில் இருந்தது. அந்தக் குரலை எடுத்துப் பேச அவருக்குத் துணிவு வரவில்லை. வேறு குரலில் பேசவும் மனம் வரவில்லை. யோகராசா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப அது அவரில்லை,” என்றாள். “அடுத்த தீவுக்குப் போவம் அண்ணை.”