இலட்சுமணன் அண்ணையின் இரண்டு சீற் கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் கொண்டக்டராகக் காலம் தள்ளியவனிடம் அதை யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. வாசற்படியில் நின்று நாட்டு நடப்புக் கதைக்கிறவர்களையும், இறங்கும் இடம் தாண்டிய பிறகு மணியடிக்கிறவர்களையும் கத்திக் கத்தியே என் தொண்டை இப்படிக் கரகரத்துப் போனது. எனக்கும் சேர்த்துப் பொறுமையாக இருந்த மனிதர் ஒருவர் முன்சீற்றில் இருந்தார். அவர்தான் இலட்சுமணன் அண்ணை. வேலணை ஆள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஓடிய எங்கள் பஸ்ஸின் சாரதி.

அண்ணையின் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. தூரத்து ஒழுங்கைக்குள் ஒரு குடை அசைந்தால் போதும், பிறேக்கில் காலை வைத்துவிடுவார். பின்னால் வருகிற மினிபஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போவான். அதற்குள் இருக்கிற பெடியள் எங்களுக்குக் கை வேறு காட்டுவார்கள். எனக்கு உச்சந்தலை கொதிக்கும்.

"அண்ணை, எடுங்கோவன்! அவன் எங்களை விழுங்கிக்கொண்டு போறான்."

"போகட்டும் பாலா. அந்தப் பிள்ளை கைக்குழந்தையோடை ஓடி வாறா, உமக்குத் தெரியேல்லையே?"

ஓய்வு பெறும்வரை அந்த மனிதர் ஒரு மினிபஸ்ஸைக்கூட முந்தியதில்லை. கேட்டால் நம்பமாட்டீர்கள், சாட்சிக்கு நான் இருக்கிறேன்.

அவருடைய மனைவி சறோஜினிதேவி அக்கா ஊரின் மருத்துவ மாதுவாக இருந்தவர். வேலணையில் இன்று மீசை முறுக்கித் திரிகிற பாதிப் பேரைத் தராசில் படுக்க வைத்து நிறை பார்த்தவர் அவர்தான். அக்காவுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. ஏறிக் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், பிறகு வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும். கல்யாணத்தன்று தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற காரிலேயே, வேறு வழியில்லாமல், அண்ணையின் தலைப்பாகையைக் கழற்றி அதற்குள் சத்தி எடுத்தார். இது ஊரறிந்த கதை.

அதனால் அக்காவுக்கு எங்கே போவதென்றாலும் ஸ்கூட்டர்தான். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேறு என்றாலும் அதில்தான் பறப்பார். புருசன் பஸ் ஓடுகிற அதே வீதியில் மனைவி ஸ்கூட்டரில் போவதைப் பார்த்து வெளியூர்ச் சனம் குழம்பும். எதிரில் அக்கா வந்தால் அண்ணை மெல்ல ஒருதரம் ஹோர்ன் அடிப்பார். அக்கா எங்களைப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்திவிட்டுப் போவார். இருவரும் ஒன்றாகப் பயணம் போனது அவ்வளவுதான்.

அண்ணை ஓய்வு பெற்றதும் நோர்வேயில் இருக்கிற மகள் துஷாந்தி பிடிவாதமாக நின்றாள். அப்பாவுக்கு ஒரு கார் வாங்கித் தருவேன், எந்தக் கார் வேண்டும் என்று அப்பாதான் சொல்ல வேண்டும் என்றாள். கோயில் குளத்துக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வான் கேட்பார் என்று நான் நினைத்தேன். அண்ணை இரண்டு சீற் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் கேட்டார்.

"அண்ணை, விசரே உங்களுக்கு?" என்று நேரே கேட்டுவிட்டேன். "உந்த வயதிலை உந்தக் கண்டறியாத கார் எதுக்கு?"

அவர் கோபிக்கவில்லை. "இந்த வீதியிலை நான் ஏத்தாத ஆக்கள் இல்லை பாலா. ஆட்டுக்குட்டியைக்கூட ஏத்தினனான். என்ர மனிசியை மட்டும் பக்கத்திலை வைச்சு ஒருநாள் ஓடேல்லை. சாகமுதல் அதைச் செய்துபோட வேணும். ஒரு சீற் எனக்கு, ஒரு சீற் அவவுக்கு. வேற ஒருத்தரும் வேண்டாம்."

மறுநாளே அவரோடு யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் கார் விற்கிற மிரோஜன் எங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெடியன். அவனிடம் இரண்டு சீற் கார் இரண்டு நின்றன. ஒன்று கறுப்பு, ஜேர்மன் கார். மற்றது நீலம், சின்ன ஜப்பான் கார், கூரையை மடித்து வைக்கலாம். "ரெண்டையும் வீட்டை கொண்டுபோய் ஓடிப் பாருங்கோ அண்ணை, பிடிச்சதை வைச்சுக்கொண்டு மற்றதைத் தாங்கோ" என்று இரண்டு காரின் திறப்புச் சாவியையும் கையில் வைத்துவிட்டான். அண்ணைக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை அப்படி.

கறுப்புக் காரில் முதலில் ஏறியது நான். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற வாணர் பாலத்து வீதி இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீட்டுக்கு ஒரே நேர்கோடு. அதில் அண்ணை காலை அழுத்தினார். என் முதுகு சீற்றோடு ஒட்டிப்போய்விட்டது. முன்னால் ஒரு மினிபஸ் போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் முந்தினோம். ஐயோ, அந்தச் சந்தோசத்தை நான் எப்படிச் சொல்வது! கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, இத்தனை காலமும் வாங்கிக் கட்டியதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். அண்ணையின் காது மடல் சிவந்திருந்தது, நான் பார்த்தேன்.

நீலக் காரில் அந்தச் சக்தி இல்லை. ஆனால் வேலணை ஒழுங்கைகளில் அது திரும்பிய திருப்பத்தைப் பார்க்க வேண்டும். மாடு குறுக்கே வந்தாலும், குழியும் கிடங்கும் வந்தாலும், வேலிக்கதியால் வீதிக்குச் சாய்ந்து நின்றாலும், அண்ணையின் விரல் அசைய முதலே அது விலகியது.

"இது நான் சொல்லுறதைக் கேக்குது பாலா" என்றார் அண்ணை. "மற்றது, தான் சொல்லுறதை என்னைக் கேக்கச் சொல்லுது."

"கேளுங்கோவன், அதுக்கென்ன?" என்றேன். எனக்குக் கறுப்பில்தான் மனம். ஊருக்கும் அதில்தான். வங்களாவடிச் சந்தியில் கறுப்புக் காரை நிற்பாட்டினால் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். நீலக் காரைக் கொண்டுபோனபோது அதே கடையில் இருந்த சுபேசன் கதிரையை விட்டு எழும்பாமலே, "என்னண்ணை, சோப்புப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு வாறியள்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். ஆனால் அவரும் மனிதர்தானே. எல்லாரும் தன்னை முந்திப்போன வீதியில், தனக்காக நாலு பேர் எழும்பி நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் தீவுப்பக்கத்தில் வாகனம் எடுத்தால் நயினாதீவு அம்மாளிடம் காட்டாமல் விடமாட்டோம். வாகனம் கடல் தாண்டாது, அதனால் குறிகட்டுவானில் அதை விட்டுவிட்டுத் திறப்பு மட்டும் லோஞ்சுப் படகில் போகும். ஐயர் அதை அம்மாளின் காலடியில் வைத்து, குங்குமம் பூசித் தருவார். நான் உருவேற்றிய உருவேற்றலில் அண்ணை கறுப்புக் காரின் திறப்பைக் கொண்டுபோய் அதைச் செய்துவிட்டார். திரும்பி வருகிற லோஞ்சில்தான் எனக்கே உறைத்தது.

"அண்ணை, அக்காவை இன்னும் அதிலை ஏத்திப் பாக்கேல்லை என்ன?"

அண்ணை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றார். குரலில் உறுதி போதவில்லை.

மறுநாள் காலை அக்கா கறுப்புக் காரில் ஏறினார். கண்ணாடியெல்லாம் பூட்டி, உள்ளே ஏசி போட்டு, அண்ணை மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டார். இரண்டே சீற், எனக்கு இடமில்லை. தண்ணீர்ப் போத்தலோடு மோட்டார்சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்துக்கு இன்னும் வரவேயில்லை, கார் ஓரங்கட்டியது, இடது கதவு திறந்தது, அக்காவின் தலை வெளியே வந்தது.

நான் கொடுத்த தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு அக்கா சொன்னார், "நல்ல கார். செத்துப்போவன் போலை கிடக்கு."

அன்று பகல் அண்ணை சோற்றில் கை வைக்கவில்லை. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அம்மாள். "காலடியிலை வைச்செடுத்ததை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? தெய்வக் குற்றமெல்லே?" என்று அதையே சொல்லிக்கொண்டு குசினி வாசலில் இருந்தார். அக்கா கேட்டுக்கேட்டு ஒரு கட்டத்தில் அகப்பையோடு வெளியே வந்தார்.

"இஞ்சருங்கோ, அம்மாள் உங்களிட்டைக் கார் வேணுமெண்டு கேட்டவவே? எத்தினை பிள்ளைப்பேறுக்கு நான் அவவைக் கூப்பிட்டிருப்பன், ஒருநாளும் என்னைக் கைவிடேல்லை. ஒரு திறப்புக்காக அவ கோவிக்கமாட்டா. கொண்டுபோய்க் குடுங்கோ. வாங்கிறவன் அந்தக் குங்குமத்தோடை நல்லா ஓடட்டும்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அகப்பை என் பக்கம் திரும்பியது.

கறுப்புக் கார் மிரோஜனிடம் போனது. அடுத்த நாள் நீலக் காரின் கூரையை மடித்து வைத்துவிட்டு அண்ணை அக்காவை ஏற்றினார். இந்தமுறை முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி மெல்ல ஓட்டினார். கடற்காற்று நேரே முகத்தில் அடித்தது. பாலம் ஏறினார்கள், அக்காவின் தலை நிமிர்ந்தபடியே இருந்தது. பாதிப் பாலம் தாண்டியது. பின்னால் போன நான் பாட்டே பாடத் தொடங்கிவிட்டேன்.

பிறகு கவனித்தேன், அக்காவின் கை கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. கார் மெதுவாகி நின்றது. பக்கத்தில் போனேன். அக்காவின் நெற்றி முழுக்க வியர்வை. "எனக்கொண்டுமில்லை, நீங்கள் ஓடுங்கோ" என்கிறார், சொல்லும்போதே கண் செருகுகிறது. அண்ணைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அண்ணை எஞ்சினை நிற்பாட்டினார்.

"போதும். உம்மை இனி வதைக்கேலாது. இதையும் குடுத்திட்டு வாறன். எங்களுக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. இவ்வளவு நல்ல மனிதருக்கு இந்தச் சின்ன ஆசைகூடக் கிடைக்கக் கூடாதா?

அக்கா தண்ணீர் குடித்தார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, "இறங்குங்கோ" என்றார்.

"ஏன்?"

"நான் ஓடுறன். ஓடுற ஆளுக்குச் சத்தி வராது. ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுக்கேக்கை காருக்கும் சேத்துத்தானே எடுத்தனான்."

"அது எந்தக் காலத்திலை எடுத்தது! கார் ஓடி எத்தினை வருசம்?"

"சொல்லுறதைக் கேக்கிற கார் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் சொல்லுறதையும் கேக்குதோ பாப்பம். இறங்குங்கோ."

ஒன்று சொல்ல வேண்டும். அண்ணை தன் ஸ்ரியறிங்கை யாரிடமும் கொடுத்ததில்லை. டிப்போவுக்குள் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கக்கூட என்னை விட்டதில்லை. அந்த மனிதர் இறங்கி, காரைச் சுற்றி வந்து, இடது கதவின் முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றார். எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாதவர் மாதிரி ஏறினார்.

முதலில் கார் ஒரு துள்ளுத் துள்ளியது. நான் அம்மாளைக் கூப்பிட்டேன். பிறகு நேரானது. பாலம் முடிவதற்குள் அக்காவின் தோள் இளகிவிட்டது. புங்குடுதீவு வளைவுகளில் ஸ்கூட்டரில் சாய்கிற மாதிரியே உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினார், காரும் அவர் சொன்னபடி வளைந்தது. தலைமயிர் பறக்கிறது, மனுசி வாய்விட்டுச் சிரிக்கிறார். என்னுடைய பழைய மோட்டார்சைக்கிள் அவரைப் பிடிக்க முடியாமல் இரைந்தது.

குறிகட்டுவானுக்குக் கிட்டவாகக் கார் சடாரென்று ஓரத்துக்குப் போய் நின்றது. அடக் கடவுளே, அக்காவுக்குத் திரும்பவும் வந்துவிட்டது என்று பதறிக்கொண்டு போனேன். இடது கதவுதான் திறந்து கிடந்தது. வீதியோரம் முழங்காலில் இருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணை. அவர் வாழ்நாளில் அன்றுதான் இவ்வளவு தூரம் சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்தபடி வந்திருக்கிறார்.

அக்கா ஓடி வந்து ஒரு கையால் அவருடைய நெற்றியைத் தாங்கினார், மற்றக் கையால் முதுகைத் தடவினார். எத்தனை பெண்களைத் தாங்கிய கை அது. எல்லாம் முடிந்த பிறகு அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"சறோ, உமக்கு இவ்வளவு காலமும் இப்பிடியே இருந்தது?"

"ஓம்."

"இப்பிடி இருக்குமெண்டு தெரிஞ்சுகொண்டே ரெண்டு காரிலையும் ஏறினனீர்?"

"உங்களுக்குப் பக்கத்திலை இருந்து வர எனக்கு மட்டும் ஆசை இருக்காதே?" என்றார் அக்கா. சேலைத் தலைப்பை நனைத்து அவருடைய வாயைத் துடைத்துவிட்டார். "கல்யாணம் கட்டின நாள் துவக்கம் இருந்தது."

அண்ணை அழுதார். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்?

"இனி என்ன செய்யிறது சறோ?"

"என்ன செய்யிறது, போகேக்கை நான் ஓடுறன், வரேக்கை நீங்கள் ஓடுங்கோ. முறை வைச்சுச் சத்தி எடுப்பம்."

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். நான் நீட்டிய போத்தலை வாங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு எழும்பி, மறுபடியும் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார்.